காப்பாளர் கையெழுத்து

மாலை ஐந்துக்குள் உள்ளூர்க் காப்பாளர் ஒருவரின் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று எர்ணாகுளம் ஹாஸ்டல் வார்டன் சொல்லிவிட்டார். நான் வெளிநாட்டுக்காரி. கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தனியாகப் படிக்க வந்தவள். இந்தியாவில் எனக்குத் தெரிந்தது ஒரே வீடுதான். மட்டாஞ்சேரிக்குப் படகு ஏறினேன்.

எழுபதுகளின் இறுதியில், பள்ளி மாணவிகளை இரு நாட்டுக்கும் மாற்றி அனுப்பும் ஏற்பாட்டில், அந்த வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். தலைமுறைகளாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பம். பதிலுக்கு அவர்கள் மகள் எங்கள் ஊருக்கு வந்தாள். எங்களுக்கு இருந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. வகுப்பில் முதலாக வந்த நான் அதைக் காட்டுவதா? தலைமையாசிரியையின் வீட்டை எங்கள் வீடு என்று சொல்லி, அவரையும் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

"எந்தா கொழந்தே, வரேன்னு ஒரு கடுதாசி போடப்படாதா?" என்று அந்த வீட்டு அத்தை முன்னறை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அன்று அடுக்களைத் தரையில் அவர்களோடு உட்கார்ந்து கப்பைக் கிழங்கு தின்றவள் நான். இப்போது பீங்கான் கோப்பையில் சாயா வந்தது.

"பங்களாக்காரியைத் தரையில உக்கார வெச்சியேன்னு மக உங்க ஊர்லேர்ந்து வந்து என்னை ஒரு பாடு படுத்திட்டா!"

கொச்சங்காடி மிளகுக் கிடங்கிலிருந்து மாமா சாப்பிட வந்தார். ஹாஸ்டல் தாளை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"போலீசு விசாரிக்க இங்க வருமோ?"

"வரலாம் மாமா."

"ஞாயித்துக்கிழமை மகளைப் பொண்ணு பாக்க வராங்க. இப்பப் போய் போலீசு படியேறினா… உங்கப்பாவுக்குப் பெரிய ஆளுங்களைத் தெரியுமே, அவங்ககிட்ட கேக்கலாமே?"

எழுந்து வந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போக இடமில்லை.

"அப்பா தோட்டத்துக் கூலி மாமா. அது டீச்சர் வீடு. எங்க லயத்தைக் கொளுத்திட்டாங்க. அப்பாவும் அம்மாவும் இப்ப முகாம்ல இருக்காங்க."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எங்க பொண்ணு யாரோ வீட்டுலயா இருந்தா?" தாளை மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே வெளியே போய்விட்டார்.

அத்தை அடுக்களைக்குள் போனார். தாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"உன் வீட்டுல தரை இல்லையாடி?" என்றார் திரும்பாமல். "எங்க பொண்ணு உக்காந்திருக்க மாட்டாளா?"

"என்னை அனுப்பிடாதீங்க அத்தை" என்றேன். அதுவரை யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி முடித்த பிறகுதான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"பொம்பளை போட்டா செல்லுமோ?"

"செல்லும்" என்றேன். எனக்குத் தெரியாது.

மலையாளத்தில், ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை எழுதினார்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா…"

"அது என் பாடு. நீ ஓடு, படகு போயிடும்."

படகுத்துறைக்கு ஓடினேன். மணி நாலைத் தாண்டியிருந்தது. பெண்ணின் கையெழுத்தை வார்டன் ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று, நம்பிக்கை இல்லாத சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டே ஓடினேன்.