கரண்ட் மட்டும் கொடுத்த டிஸ்க்

ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டோடுதான் பழைய கம்ப்யூட்டர்கள் காயலான் கடைக்கு வரும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பெனியை மூடினாலும் சரி, புதுசு வாங்கினாலும் சரி, பொட்டைத் துடைத்துவிட்டு யாரும் விற்பதில்லை. நானும் துடைக்க மாட்டேன். யாரோ கும்பிட்ட பொருள், நமக்கென்ன வந்தது.

நான் ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் முடிந்ததும் அந்தக் கடைக்குள் ஒரு எட்டு போய்விட்டுத்தான் வீடு. பழைய டெஸ்க்டாப் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. தூக்கி வந்து, தூசி தட்டி, ரேமைக் கூட்டி, சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுற்றாத, சத்தமே போடாத எஸ்.எஸ்.டி. மாட்டினால் செத்தது எழுந்து ஓடும். கூடத்தில் இப்போது நடக்க வழியில்லை.

"இன்னா நைனா, ஊட்ல ஒரு ஆளு. இத்தினி பொட்டி வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று கடைக்காரர் கேட்கிறார். கேட்கட்டும். சிலர் குடிக்கிறார்கள், நான் இதைச் செய்கிறேன்.

ஒரே ஆள்தான். எங்கள் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் என் மனைவி பெங்களூருக்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை இப்போது ஓடுகிறது. எப்போது வருவாய் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அவள்தான் என்ன செய்வாள், பாவம்.

கூடத்தில் ரொம்ப நாள் நான் கை வைக்காத ஒரே மெஷின் அவளுடையது. பஸ் ஸ்டாண்டு எதிரே டைப்பிங் கடை வைத்திருந்தபோது மனுவும் பயோடேட்டாவும் அடித்த மெஷின். வெள்ளைப் பெட்டி பழுத்து மஞ்சளாகிவிட்டது. "இது தொறக்கறதுக்குள்ள பொன்னேரி போய் காய் வாங்கினு வந்துடலாம்" என்று அவள் அதைத் திட்டாத நாளில்லை. உள்ளே டிஸ்க் கரகரவென்று அரைக்கும். வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் அதைப் போட்டுவிட்டு, முன்னால் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் வைத்து அவளோடு பேசுவேன்.

போன ஆயுத பூஜைக்கு வருகிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மெஷினைத் திறந்து எஸ்.எஸ்.டி. போட்டேன். ஃபைல்களை ஒன்றுவிடாமல் மாற்றினேன். சத்தம் போடாத ஃபேனாகப் பார்த்து மாட்டினேன். பட்டனை அழுத்தி நிமிர்வதற்குள் திரை வந்துவிட்டது. அவள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், வர முடியாது. "பரவால்ல" என்றேன். வழக்கம்போல மெஷினைப் போட்டு, போனை ஸ்பீக்கரில்தான் வைத்திருந்தேன்.

"இன்னாங்க, எங்க கீறீங்க? ஊட்ல இல்லியா?"

"ஊட்லதான் கீறேன்."

"பொய் சொல்லாதீங்க. ஊட்டு சத்தமே காணோமே."

மெஷினைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கரகரப்பைத்தான் இத்தனை நாளும் அவள் வீடு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் பெரிய மேதாவி மாதிரி அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

பூஜையன்று மெஷின் எதையும் ஓட்டக் கூடாது. மில்லில் கொடுத்த பொரியைப் பிரிக்காமல் வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அவள் மெஷினுக்கு மட்டும் வைக்கவில்லை. அதில் அவள் கடைசியாக வைத்தது மங்கலாக இருக்கிறது, அதன் மேல் என் விரல் பட வேண்டாம் என்றிருந்தது. நாள் முழுக்க வீடு கப்சிப். எனக்குப் பயமாகவே இருந்தது.

மறுநாள் பழைய டிஸ்க்கையும் பழைய ஃபேனையும் தேடி எடுத்து அதே பெட்டிக்குள் வைத்தேன். டிஸ்க்குக்கு டேட்டா கேபிள் கிடையாது, கரண்ட் மட்டும். அதில் எதையும் படிக்க முடியாது, எழுதவும் முடியாது. சும்மா சுற்றும். விஷயம் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் சிரிப்பான்.

சாயங்காலம் அவள் போன் வந்தது. போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஆங், இப்பதான் ஊட்டுக்கு வந்தீங்களா?" என்றாள்.

"வந்துட்டேன்" என்றேன். பிறகு, அவள் போன நாளிலிருந்து கேட்காததைக் கேட்டுவிட்டேன். "நீ எப்ப வருவ?"

அவள் போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.