சாமிக்கு நேர்ந்த அன்னாசி

பழனியாண்டவர் பாதத்தை நினைத்துக்கொண்டு, எங்கள் அம்மாவைப் பற்றித் தெரிந்த மட்டும் மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களும் ஊராரும் பிழை பொறுக்க வேண்டும்.

அம்மா பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். வானம் பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் பட்டினி. கன்னிவாடி மலையடிவாரம் ஆயிற்றே, தண்ணீருக்குக் குறைவிருக்காது என்று நம்பி வாழ்க்கைப்பட்டு வந்ததாகச் சொல்வார். வந்த பிறகும் குடம் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

அப்பா மலைத்தோட்டங்களில் கூலி வேலை பார்த்தார். சுதந்திரம் வந்து சில வருடம் ஆகியிருக்கும். ரேஷன் அரிசிக்கு நின்ற காலம். ஒருமுறை மலையிலிருந்து இறங்கும்போது அன்னாசிக் கொண்டை ஒன்றைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து, "கத்தாழைக்குத் தங்கச்சி இது, நட்டு வை புள்ள" என்றார். கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் அம்மா அதை நட்டார். எங்கள் வீட்டில் புதிதாகக் காய்க்கும் எதுவும் முதலில் சாமிக்குத்தான். நட்ட அன்றே, "முதல் பழம் பழனிக்கு" என்று மஞ்சள் துணி கட்டிவிட்டார்.

அதற்குப் பின் மழை தப்பியது. எங்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் செடிக்கு ஒரு செம்பு உண்டு. ஒருவழியாகக் காய் வந்தது. வெயில் சுடாமலிருக்க வைக்கோல் சுற்றிக் கட்டினார். அந்தச் சமயத்தில்தான் அப்பா மலைக்காய்ச்சலோடு வந்து படுத்தார். கஞ்சி இறங்கவில்லை. காய் அடியிலிருந்து மஞ்சளாகி வர, வாசனை கட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

"புள்ள, அதுல ஒரு கீத்து அறுத்துத் தாயேன். வாயெல்லாம் கசக்குது."

"சாமிக்கு நேர்ந்தது, நாம வாய் வைக்கலாமா? உங்க உசுருக்காகவும்தான வேண்டியிருக்கேன். செத்தப் பொறுங்க. மலையில படைச்சுட்டுப் பிரசாதமாக் கொண்டாறேன்."

அப்பாவுக்கு அந்த நிலையிலும் கேலி போகாது. "ஏ, பழம் கெடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு மலையேறுன சாமிடி அது. கேட்டுக் கெடைக்காதவன் வருத்தம் அதுக்குத் தெரியாதா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அம்மா சிரிக்கவில்லை. நன்றாகப் பழுக்கட்டும், கிருத்திகைக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்தார். கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் அப்பா போய்விட்டார்.

சாவு விழுந்த வீட்டுப் பழம் சாமிக்கு ஆகாது. மனிதர் தின்னவும் அம்மா விடவில்லை. ஆண்டவருக்கும் இல்லாமல், கேட்டவருக்கும் இல்லாமல், அது செடியிலேயே அழுகி எறும்பு மொய்த்தது.

கருமாதி முடிந்ததும் அம்மா மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனார். வெட்டி எறியத்தான் போனார். தாய்ச்செடியைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் விட்டிருந்தன. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவற்றைப் பிரித்து வேலியோரம் நட்டார். மஞ்சள் துணி கட்டவில்லை.

அதன்பின் எந்தப் பழத்தையும் அம்மா சாமிக்கு நேர்ந்ததில்லை. சாமி கும்பிடுவதை விட்டதும் இல்லை. கிருத்திகை விரதம் கடைசி வரை இருந்தார். காய்ச்சல் வாய்க்கு என்று யார் வந்து கேட்டாலும், அரைப்பழமானாலும் அறுத்துக் கொடுத்துவிடுவார்.

"இந்த வருசமாச்சும் ஒண்ணு பழனிக்கு வேண்டாமா மதினி?" என்று பக்கத்து வீட்டு அத்தை ஒருமுறை கேட்டார்.

"சாமி காத்திருக்கும் மதினி. காய்ச்சக்காரன் காத்திருப்பானா?"

தாம் மட்டும் ஒரு கீற்றும் வாயில் வைத்ததில்லை.

கடைசியில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. தண்ணீர் மட்டும் இறங்கிய நாளில் நான் அன்னாசியைப் பிழிந்து சங்கில் கொண்டுபோனேன். "அவருக்குக் கொடுக்காதது எனக்கு எதுக்குத்தா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் அம்மாவும் போய்விட்டார்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் வந்த வைத்தியருக்கும், திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குத் தம் வண்டியில் ஏற்றிப்போன தோல்மண்டி பாய்க்கும், முகம் சுளிக்காமல் அம்மாவைத் துடைத்துவிட்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

சாப்பிட்டு முடித்தவர்கள் கொல்லைப்பக்கம் போய் ஆளுக்கொரு கன்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மண்ணிலும் வரும். காய்த்த பின் யார் முதலில் கேட்கிறார்களோ, அவர்களுக்கு அறுத்துக் கொடுத்துவிடுங்கள். நன்றாகப் பழுக்கட்டும் என்று வைத்திருக்க வேண்டாம்.