அம்மை வீட்டில் பிறந்த பிள்ளைகள்

என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் பொருளாதார நிபுணர். இதைச் சொன்னால் போதும், எந்த ஷேர் வாங்கலாம் என்று சொந்தக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஷேரைப் பற்றி அவருக்கு ஒரு எழவும் தெரியாது. அவருடைய படிப்பெல்லாம் ஜனத்தொகை. ஊரில் எத்தனை பேர் பிறக்கிறார்கள், எத்தனை பேர் வெளியே போகிறார்கள், எத்தனை பேர் வயசாகி இங்கேயே மிஞ்சுகிறார்கள், இதுதான். கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பெண்ணையும் பார்க்க மாட்டார், மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டார். பந்தியைப் பார்ப்பார். "பாத்தியா கௌசி, பூரா நரைச்ச தலை" என்பார், இலையிலிருந்து பாயசத்தை வழித்துக்கொண்டே. இந்த மனுஷனோடு ஒரு நல்ல காரியத்துக்குப் போக முடியாது.

அவர் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரம் ஆரியசாலையில். அப்பா பாளையங்கோட்டைப் பக்கமிருந்து வந்து மொத்த வியாபார வத்தல் கடையில் மூட்டை நிறுத்தவர். கடைக்குப் பின்னால் ஒரே அறை, அதில் பிள்ளைகள் குவியல். ஒருவர் புரண்டு படுத்தால் எல்லாரும் புரள வேண்டும். "ஜனப்பெருக்கத்தை நான் காலேஜுல படிக்கல, பாயில படிச்சேன்" என்று சொல்லிச் சிரிப்பார். தெருமுனை அரசுப் பள்ளியில், தமிழில் பாடம் நடத்தும் தமிழ் டிவிஷனில் தொடங்கி, இந்த ஊரிலேயே காலேஜ், ஆராய்ச்சி எல்லாம் முடித்து, இங்கேயே ஒரு ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கேரளத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று, மற்றவர்கள் கவலைப்படத் தொடங்கும் முன்பே எழுதியவர். ஒரு எண்ணை எழுதிவிட்டால் அது அவருக்குச் சத்தியம் செய்த மாதிரி.

நான் அவர் படித்த அதே தமிழ் டிவிஷனில் டீச்சர். வள்ளியூர்க்காரி. கல்யாணமாகி இங்கே வந்த பிறகு பரீட்சை எழுதி வாங்கிய வேலை. எங்கள் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறவர்கள் ஹோட்டல் வேலைக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். சுற்றிலும் மலையாளம் கேட்டு முதல் நாள் மிரண்டு போய் நிற்கும். "வா மக்கா" என்று நான் கூப்பிட்டதும் அந்த முகம் மலரும் பாருங்கள், அதற்காகவே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். அந்த வகுப்பு என் உயிர்.

கேரளத்து டீச்சர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள் அன்று பிள்ளைகளை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போகும், டீச்சரின் வேலையும் ஆட்டம் காணும். அதனால் மே மாத வெயிலில் நாங்கள் வீடு வீடாகப் போய், எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருப்போம். என் வீட்டுக்காரர் அதற்குப் 'பிள்ளை பிடிக்கப் போறது' என்று பெயர் வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் கல்வித் துறை ஒரு அறிக்கை கேட்டது. நகரத்தில் எந்தெந்தப் பள்ளிகளுக்கு இனிமேல் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அவர் நகரத்துப் பிறப்புப் பதிவுகளை எடுத்து, பகுதி பகுதியாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார். எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் பிறப்பு அநேகமாக நின்றுவிட்டது என்று அதில் இருந்தது. அடுத்த வருஷம் தமிழ் டிவிஷனை எடுத்துவிடலாம் என்று துறை முடிவு செய்தது.

"என் பள்ளிக்கூடத்தையே மூடச் சொல்லி எழுதியிருக்கியளே" என்று கேட்டேன்.

"நான் மூடச் சொல்லல. பிள்ளை இல்லன்னு சொன்னேன். அது வேற, இது வேற."

அன்றைக்குச் சாம்பாரில் உப்பில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னேன். முழுசாகச் சாப்பிட்டு எழுந்தார்.

அந்த மே மாதம் எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. கடைசி வருஷம்தானே என்று விட்டுவிட மனசும் வரவில்லை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார். முதல் இரண்டு சந்துகளில் ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. பிறகு வெயில் தாங்காமல் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டுக்குள் வந்தார். தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் தோசை போடும் ராஜையனின் வீடு. அவருடைய மனைவி ஷிஜா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றாள். பழக்க தோஷம், தண்ணீரைக் குடித்துவிட்டு இவர் கேட்டார்: "மக்க எங்க பிறந்தது? எந்த ஆஸ்பத்திரி?"

"இங்க இல்ல சாரே. பிரசவத்துக்கு அம்மைக்க வீட்டுக்குல்லா போவோம். ரெண்டும் நாகரோயில் ஆஸ்பத்திரியிலயாக்கும். மூணு மாசம் களிஞ்சு இங்க கொண்டு வந்தோம்."

அடுத்த வீட்டிலும் கேட்டார். அந்தப் பிள்ளை பிறந்தது களக்காட்டில். அதற்கடுத்த வீட்டில் திசையன்விளை. அதற்குப் பிறகு எனக்கு முன்னால் அவரே படியேறினார். சந்து முடிந்த இடத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"கௌசி, நம்ம ஷில்பா எங்க பிறந்தா?"

"இது என்ன கேள்வி? எங்க அம்மை வீட்டுலதான், வள்ளியூர்ல."

"அவளையும் நான் எண்ணியிருக்க மாட்டேன்" என்றார்.

பிறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும். எங்கள் பெண்கள் வளைகாப்பு முடிந்ததும் எல்லை தாண்டிப் போகிறவர்கள். பதிவு தமிழ்நாட்டில், பிள்ளை வளர்வது ஆரியசாலையில். தன் பெண்டாட்டியையே நிறை வயிற்றோடு தம்பானூரில் ரயிலேற்றி விட்ட மனுஷன், நாள்பூராவும் பதிவுகளைப் பார்த்தும் இதை யோசிக்கவில்லை. எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து அவர்தான் பிள்ளை பிடிக்கப் போனார். ஒரு சந்துகூட விடவில்லை. தன் முதல் அறிக்கை தவறு, இந்தப் பகுதியில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று திருத்தி எழுதினார். ஆனால் முதல் பக்கத்தில், தன் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இந்த டிவிஷனின் ஆசிரியை இதை எழுதியவரின் மனைவி.'

"இது எதுக்கு? யாரும் கேக்கலையே" என்று கெஞ்சினேன்.

"கேக்காததுனாலதான் சொல்லணும்."

நான் பயந்ததுதான் நடந்தது. அதிகாரி அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். "வீட்டுல பிரஷர் அல்லே சாரே?" என்றாராம். வேறொருவரை வைத்து நிதானமாகப் பார்க்கலாம் என்று காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டார். நிதானமாகப் பார்ப்பதற்குள் டிவிஷன் போய்விடும். இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் எழுதியதிலேயே சரியான எண் அது, அதை ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதைவிடப் பெரிதாக அந்தப் பிள்ளைகளின் முகம் கண்முன்னால் நின்றது.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தமிழ் டீச்சருக்கு இந்தப் பக்கத்தில் வேறு காலியிடம் இல்லை. பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளி ஒன்றில்தான் இருந்தது.

"இனி அந்த வரிய அடிச்சிருங்க" என்றேன்.

"உத்தரவு வரட்டும். அதுவரைக்கும் அது உண்மைதானே" என்றார். உத்தரவு வராமல் போகட்டும் என்று மனுஷன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது எனக்குத் தெரியாதா என்ன? வந்தது. வரியை அடித்தார். அந்த அறிக்கையை மறுபடி கொடுத்தார், இந்தத் தடவை எடுத்துக்கொண்டார்கள்.

ஆறாவது நாள் எண்ணிக்கை முடிந்ததும் ஷாலு டீச்சர் போன் செய்தாள். என் இடத்தில் இப்போது அவள்தான். டிவிஷன் தப்பிவிட்டது, ராஜையனின் மகள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். பீர்மேட்டில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். இங்கேயும் பிள்ளைகள் உண்டு, அவர்களையும் "வா மக்கா" என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் விடாது, நினைத்தபோது ஊருக்குப் போகவும் முடியாது. ஷில்பா கல்யாணமாகிப் போய்விட்டாள், அவர் அங்கே தனியாகத் தானே சமைத்துத் தானே சாப்பிடுகிறார்.

போன வாரம் சாயங்காலம் போன் வந்தது. தெருவில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தார்களாம். ஒரு வீட்டில் யாரை எண்ணலாம், வெளியூரில் தங்கி வேலை பார்க்கிறவரை எண்ணக் கூடாது என்று அந்த மாதிரி ஆட்களுக்கு வருஷக்கணக்காக வகுப்பெடுத்தவர் இவர்.

"எத்தனை பேருன்னு கேட்டாங்க. ரெண்டுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"அது தப்புல்லா?"

"தப்புதான், கௌசி" என்றார்.