இருண்ட திரைக்கு வந்தவர்

இனயம் என்னும் எங்கள் கடலோர ஊரில், மீனவர் சங்கத்து லினக்ஸ் கணினிதான் மறுநாள் அலை உயரத்தைக் கணித்து வரைபடமாகக் காட்டும். அதைப் பார்த்துத்தான் வள்ளங்கள் கடலுக்குப் போகும். நான் புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய அன்று திரை இருண்டே கிடந்தது.

சரிசெய்ய வந்தவருக்குக் கண் தெரியாது. தேய்த்த வெள்ளைச் சட்டை, ஒரு காதில் மட்டும் இயர்போன். எதையும் தொடங்குமுன் கணினியின்மேல் உள்ளங்கையைச் சற்று வைத்திருப்பார்.

“ஸ்கிரீனே வரல்ல சார்.”

“எனக்கு அது எப்பவும் வராதே மக்கா,” என்று சிரித்தார்.

தன் மடிக்கணினியைக் கேபிளால் அதனோடு இணைத்து, கட்டளைகளைத் தட்டினார். பதிலை அது எனக்குப் பிடிபடாத வேகத்தில் அவர் காதில் வாசித்தது. “மிஷினுக்கு உயிரிருக்கு. கார்டு இருக்கியதுதான் அதுக்குத் தெரியல்ல.”

மின்சாரத்தை நிறுத்தி, கார்டைக் கழற்றி முகர்ந்தார். “கிரீஸ் தேச்சியா?”

உப்புக்காற்றில் துருப்பிடிக்காமலிருக்க, வள்ளத்து பேட்டரிக்குப் பூசுவதுபோல கார்டின் முனையிலும் பூசியிருந்தேன். அவர் திட்டவில்லை. மின்தொடர்பை மறித்த கிரீஸை ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினார். திரை ஒளிர்ந்தது.

ஆனாலும் போகாமல் காத்திருந்தார். மாலையில் வரைபடம் வந்தது.

“நெறம் என்ன?”

“சிவப்பு சார். அலை கூடுதல்.”

உடனே, மீன்பிடிக்கப் போகும் தன் அண்ணனைப் போனில் அழைத்தார். “நாளைக்கி கடலுக்குப் போவாண்டாம்.”

கிரீஸ் பூசி வைத்த ஆள் என்று தெரிந்தும், என் கண்ணை அவர் மறுகேள்வி இல்லாமல் நம்பியதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.