முழங்கை மாப்பிள்ளை

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கட்டுவது அவள் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வாசலில் பலகை எதுவும் கிடையாது. தெருமுனையில் யாரிடம் கேட்டாலும், "காயிலக்கா வீடுதானே? வார்னிஷ் நாத்தம் வர்ற பக்கமா போங்க" என்று கை காட்டுவார்கள். பத்தொன்பது வருஷமாக அதே மேசை, அதே ஸ்டூல். கம்பி சுற்றும் கைமெஷினில் எத்தனை சுற்று என்று காட்டும் எண்பெட்டி உடைந்து நாலு வருஷமாகிறது. வாயாலேயே எண்ணிக்கொள்வாள். எண்ணும்போது யாராவது குறுக்கே பேசினால் அவ்வளவுதான், எண்ணிக்கையும் போய்விடும், பேசியவர் மானமும் போய்விடும்.

கோபக்காரி என்று தெருவில் பெயர். கேலிக்காரி என்பது மகளுக்கு மட்டும்தான் தெரியும்.

மகளுக்கு இருபத்துநாலு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கே போய், வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களின் எரிச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு ஊசி குத்துகிற வேலை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது. கூட வேலை செய்யும் மூன்று பெண்களோடு கடலோரத்துக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் அப்பா, "பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்று இழுத்தார். "ஏன், அவரா கூடப் போறாரு?" என்று காயிலக்கா ஒரே போடாகப் போட்டதில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

போன முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. மணலில் குப்புறப் படுத்தபடி மகள் ஒரு படம் அனுப்பினாள். "அம்மா, நீ இப்ப எந்த மோட்டாருக்கு மூச்சு குடுத்துட்டு இருக்க?"

காயிலக்கா கம்பிச் சுருளை ஓரமாக வைத்துவிட்டு ஒற்றை விரலால் தட்டினாள். "நீ கடல்ல இறங்கப் போறேன்னு கரையில இருக்கிறவங்களுக்குச் சொல்லிட்டியா? தண்ணி ரெண்டு அடி ஏறும். பாவம், பிள்ளைகுட்டிக்காரங்க."

"தண்ணி ஏறல. உன் வயிறு எரியிற புகைதான் இங்க வரைக்கும் தெரியுது."

"போடி. எரிஞ்சதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு."

தேய்ப்புக்கடைக்காரர் தன் மேசை விசிறியை வாங்க வந்து நின்றவர், காயிலக்கா தானாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவோம் என்று திரும்பிப் போய்விட்டார். சிரிக்கிற காயிலக்காவை எப்படிக் கையாள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வந்த படத்தில் நாலு பெண்களும் ஒரு படகில் உட்கார்ந்திருந்தார்கள். படத்தின் ஓரத்தில், துடுப்பைப் பிடித்திருந்த ஒரு ஆணின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

"யாருடி அந்த முழங்கை?"

"உன் மாப்பிள்ளை. மீதியை அப்புறம் காட்டுறேன்."

காயிலக்காவுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. கையில் பாதி சுற்றிய காயில். அது பெரியப்பா வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கானது. கணவரின் அண்ணனை வீடே பெரியப்பா என்றுதான் சொல்லும். அவள் நேரில் கூப்பிடுவது பெரியத்தான் என்று. முந்தின நாள் அவர் வீட்டு மோட்டார் புகைந்து நின்றுவிட்டதால், மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் மேசையில் ஏற்றியிருந்தாள். நூற்று இருபதில் நிறுத்திவிட்டு, பிசுக்கு விரலாலேயே தட்டினாள்: "படகுக்காரனைப் பிடிச்சது பிடிச்சே, படகையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு வா. ஆளை ரெண்டு மாசத்துல திருப்பி அனுப்பிடலாம், படகு நமக்கு உதவும்."

அனுப்பிவிட்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். போன் முனகிக்கொண்டே இருந்தது. மகள்தான் பதிலுக்குப் பதில் அடிக்கிறாள் என்று நினைத்து, காயிலை முடித்துக் கட்டிவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தாள்.

அந்தச் செய்தி மகளுக்குப் போகவில்லை. 'நம் குடும்பம்' குழுவுக்குப் போயிருந்தது. நாற்பத்தொரு பேர். யாரோ "என்னது இது?" என்று கேட்டிருந்தார். யாரோ கன்னத்தில் கைவைத்த பொம்மை போட்டிருந்தார். ஒரு சித்தி, "நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தே சொல்லிவிட்டாள்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அது என் பொண்ணுக்கு அனுப்பினது. சும்மா கேலி. படகும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை" என்று எழுதினாள். மகளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை.

நாலு மணிக்குப் பெரியப்பா வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக வந்து, தன் மோட்டார் பிரித்துப்போட்டிருந்த மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒரு பொம்பளைப் பிள்ளையைப் பத்திப் பெத்த தாய் எழுதுற எழுத்தா அது?"

"கேலி பெரியத்தான். விரல் தவறிக் குரூப்ல போயிடுச்சு. தப்புதான், அங்கயே சொல்லிட்டேனே."

"விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு. நாலு பொண்ணுங்க தனியாப் போறதே அதிகம். அதுல இந்த லட்சணத்துல பேச்சு வேற. இந்த வீட்டுல கேக்கிறதுக்கு ஆள் இல்லைன்னு ஆயிடக்கூடாது."

அவள் பொறுத்துக்கொண்டாள். தவறு தன்னுடையது என்பதால் பொறுத்தாள். கைகள் தம் பாட்டுக்கு மோட்டாரின் உள்வாயில், கம்பிக்குக் காப்பாக, காகிதம் செருகிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நான் அவகிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலையில பஸ் ஏறிடுவா."

காகிதம் கையிலேயே நின்றது.

"யாரைக் கேட்டு என் பொண்ணுகிட்ட பேசினீங்க?"

"உன் புருஷனைக் கேட்டுத்தான்."

வேன் சாவியோடு கணவர் அந்த நேரம் பார்த்து வாசற்படி ஏறினார். அண்ணனையும் மனைவியையும் பார்த்துவிட்டு, உள்ளே வருவதா வெளியே போவதா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, நீங்கதான் பேசச் சொன்னீங்களா?"

"அண்ணன் மத்தியானம் போன் பண்ணினாரு. ரொம்பக் கோபமா இருந்தாரு. நீங்களே பேசிடுங்கண்ணேன்னு… எனக்கு விஷயம் முழுசாத் தெரியாது."

"எனக்கு ஒரு போன் போட்டிருந்தா முழுசாத் தெரிஞ்சிருக்கும்ல?"

அவர் சாவியைப் பார்த்தார்.

காயிலக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது. விரல் தவறிய குற்றவுணர்ச்சி எங்கேயோ போய்விட்டது. இருபத்தாறு வருஷமாக இந்த மனிதர் வருகிறார். மகள் எந்தப் படிப்பு படிக்கலாம் என்று அவர்தான் சொன்னார். பட்டறை தொடங்கியபோது, "பொம்பளை கையில திருப்புளியா, பார்க்கிறவன் சிரிப்பான்" என்றார். அதற்கப்புறம் அவர் வீட்டில் நின்றுபோன மிக்ஸி, விசிறி, மோட்டார் எல்லாம் இந்த மேசைக்குத்தான் வந்தன. ஒவ்வொரு முறையும் கணவர் தலையாட்டினார். அவளும் அந்தத் தலையாட்டலோடு சேர்த்தே குடும்பம் நடத்திவிட்டாள். ஆனால் இன்று, கடற்கரைக்குப் போய் மூன்று நாளே ஆன ஒரு பெண் எங்கோ ஓர் அறையில் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

எழுந்தாள். மூலையில் கிடந்த சாக்கை உதறினாள். பிரித்த மோட்டாரைத் தூக்கி அதற்குள் வைத்தாள். புதிதாகச் சுற்றிய நாலு காயில்களையும் ஒரு பையில் போட்டு மேலே வைத்தாள். திருகாணிகளை ஒரு காகிதத்தில் மடித்து அதையும் வைத்தாள்.

"பெரியத்தான், இதை எடுத்துக்கிட்டு வேற கடை பாருங்க."

"என்ன பேச்சு பேசுற நீ?"

"என் பொண்ணுகிட்ட என்ன பேசினீங்கன்னு நான் இன்னும் கேக்கல. கேட்டா இன்னும் மோசமாப் பேசுவேன். அதுக்கு முன்னாடி கிளம்புங்க. என் பொண்ணை நான் கேலி பண்ணுவேன், திட்டுவேன், மடியில போட்டுக் கொஞ்சுவேன். நடுவுல நீங்க யாரு? கேக்கிறதுக்கு ஆள் இல்லைன்னு யாரு சொன்னா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"டேய், உன் பொண்டாட்டி பேசுறதைக் கேட்டியா?" என்று பெரியப்பா தம்பியைப் பார்த்தார்.

தம்பி இருவரையும் பார்க்காமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தார். அது யார் பக்கம் நின்ற செயல் என்று காயிலக்காவுக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்காது. பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிப் போனது.

மகள் ஐந்தாவது அழைப்பில்தான் எடுத்தாள்.

"எவன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்துறன்னு கேட்டாரும்மா. ஸ்பீக்கர்ல இருந்துச்சு. எல்லாரும் கேட்டாங்க. உங்க அம்மா வளர்த்த வளர்ப்புன்னு… அப்பாவே பேசச் சொன்னாருன்னும் சொன்னாரு. பையைக் கட்டிட்டேன்."

"பிரி."

"நீ ஏம்மா அதைக் குரூப்ல போட்ட?" மகள் கத்தினாள். அவள் அம்மாவிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. "ஊரே பார்த்துச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

காயிலக்காவுக்குப் பதிலுக்குக் கத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தப்புதான். பார்க்காம அனுப்பிட்டேன். அதுக்கு நீ வீட்டுக்கு வந்து நாலு நாள் உட்கார்ந்து என்னைத் திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்து திட்டு. இப்பப் பையைப் பிரி."

"பெரியப்பா மறுபடியும் போன் பண்ணினா?"

"எடுக்காத. எடுத்தா நான் உனக்குக் குடுத்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துடுவேன்."

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. "சரிம்மா" என்றாள்.

மகள் திரும்பி வரவில்லை, தங்கினாள். ஆனால் அடுத்த இரண்டு நாளும் அவளிடமிருந்து வந்த செய்திகளைப் பார்க்கப் பார்க்கக் காயிலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாப்பிட்டியாம்மா?" "நல்லா இருக்கேன்மா." "இன்னைக்குக் கலங்கரை விளக்கம் பார்த்தோம்." யாரோ முன்பின் தெரியாத பெண் மரியாதையாக எழுதியது போலிருந்தது. ஒரு வம்பு இல்லை, ஒரு கேலி இல்லை. காயிலக்கா தானாகவே ஒன்று எடுத்துவிட்டாள்: "கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல நீ நின்னா அதுதான் குட்டையாத் தெரியுது." பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. அவள் போனைத் துணி மூட்டை மேல் விட்டெறிந்தாள். அன்று மாவு மில் மோட்டாருக்குக் காயில் சுற்றும்போது மூன்று முறை எண்ணிக்கை தப்பியது.

குழுவிலிருந்து அன்றே வெளியேறிவிட்டாள். கணவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்குத் தட்டு வரும், தேநீர் வரும், டம்ளர் மேசையில் 'ணங்'கென்று உட்காரும். அவர் என்னவோ சொல்ல வாயெடுப்பார். அவள் கைமெஷினை வேகமாகச் சுற்றுவாள்.

மகள் திரும்புகிற நாளன்று ஓரகத்தி போன் செய்தாள். பெரியப்பாவின் மனைவி, அதிகம் பேசாதவள்.

"நீ கேட்டது எதுவும் தப்பில்ல. நான் கூட மனசுக்குள்ள கை தட்டினேன். ஆனா ஒண்ணு சொல்லணும். மூணு நாளாக் கீழ் வீட்டுக் குழாய்லேர்ந்து ரெண்டு மாடிக்குத் தண்ணி தூக்கினது நான்தான். அவர் எப்பவும் போலக் குளிச்சாரு."

சாக்கைக் கட்டியபோது காயிலக்கா கண்ணில் அந்த மனிதர் முகம் மட்டும்தான் இருந்தது. அந்த வீட்டில் வாளியைத் தூக்குவது யார் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

"அக்கா, மோட்டாரை இப்பவே குடுத்து அனுப்புங்க. நாளைக்கே ஓடும்."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில கட்டியாச்சு. நல்லாத்தான் ஓடுது."

நல்லாத்தான் ஓடுகிறது என்பதும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "இனிமே உங்க வீட்டுல எது நின்னாலும் நீங்க கூப்பிடுங்கக்கா. அவர் கூப்பிட்டா நான் வரமாட்டேன். நீங்க கூப்பிட்டா அந்த நிமிஷமே வருவேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு ஓரகத்தி குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் படகுக்காரன் விஷயம்… படிச்சுட்டு நான் சமையல்கட்டுல நின்னு சிரிச்சேன்."

மகள் வந்து இறங்கினாள். முகம் கறுத்து, மூக்கு நுனி உரிந்திருந்தது. அப்பா பையை வாங்க நீட்டிய கையைத் தாண்டிப் போய் உள்ளே வைத்தாள். அம்மாவைச் சொன்னபடி திட்டினாள். நாலு நாள் இல்லை, ஒரே மூச்சில் அரைமணி நேரம். காயிலக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் வாங்கிக்கொண்டாள். குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மகள் மூச்சு வாங்க, "இப்படி அமைதியா உட்காராதம்மா, பயமா இருக்கு" என்றாள்.

"திட்டுறதுல நீ என்னை மாதிரி இல்லடி. ரொம்ப நீட்டுற. நடுவுல எனக்குத் தூக்கம் வந்துடுச்சு."

மகள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகவே மறுபடியும் கோபித்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

அடுத்த வாரக் கடைசியில் பெரியப்பா தம்பிக்குப் போன் செய்தார். காயிலக்கா மேசையில் இருந்தாள். கணவர் எதிரே நாற்காலியில். மகளுக்கு யாரோ வரன் சொல்லியிருக்கிறார்களாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டாராம். அண்ணனின் குரல் போனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. கணவர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லண்ணே. வரச் சொல்லாதீங்க. பொண்ணையும் அவ அம்மாவையும் கேக்காம நான் எதுவும் சொல்றதா இல்ல."

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தம் வந்தது. அவர் மறுபடியும், "இல்லண்ணே" என்றார். வைத்துவிட்டார்.

பதினோரு நாளுக்கப்புறம் காயிலக்கா அவரிடம் வாய் திறந்தாள்.

"இந்த ஒரு வரியைச் சொல்ல இருபத்தாறு வருஷமா?"

"ஆமா" என்றார் அவர். எழுந்து வேனைக் கழுவப் போனார். அவளுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. மாவு மில்காரர் மறுநாள் காலையில் வந்து நிற்பார் என்பதால், அவர் மோட்டார் காயிலில் பூச வார்னிஷ் டப்பாவைத் திறந்தாள்.