அம்மா தொட வந்த கன்னம்

நாற்பது வயதுக்கு மேல் என் முகம் சிவக்க ஆரம்பித்தது. முதலில் மூக்கின் இரண்டு பக்கமும், பிறகு கன்னங்கள். என்னுடையதைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு அப்படியே சிவப்பாகத் தெரியாது. செங்கல்லில் கரி பூசின மாதிரி ஒரு தடிப்பாகத்தான் தெரியும். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் கன்னம் காந்தும். சூடாகக் காபி குடித்தாலும் காந்தும். பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன். பருவுக்கு ஒரு க்ரீம் கொடுத்தார்கள். “இந்த வயசுல பருவா?” என்று என் கணவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. நான் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அட்மிஷன் கவுண்டரில் இருந்தேன். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் பார்க்கிற முகம் என்னுடையதுதான். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே பேசினார்.

“கொஞ்ச நாள் உள்ள, ஃபைல் ரூம்ல இருங்க மேடம். வர்றவங்க ஒட்டிக்குமோன்னு பயப்படறாங்க.”

சரி சார் என்று சொல்லிவிட்டு என் தண்ணீர் பாட்டிலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, டீ வாங்கி வரும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடச் சின்னவள். அவள்தான் முதலில் என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“இன்னாக்கா, இங்க வந்து குந்திகினு கீறே?”

சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் முந்தானையில் முடிந்து ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்தாள்.

“டீ ட்ரீ ஆயில்க்கா. எம் பையனுக்கு மூஞ்சி பூரா பரு. இத்த வச்சுதான் போச்சு. எல்லாம் இலைல எடுத்தது, கெமிக்கல் கெடியாது. மீதி கீது, நீ வச்சுக்கோ.”

பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. தைலம் மாதிரி மூக்கைத் துளைக்கிற வாசனை. காசு கேட்காமல், என்னை அருவருக்காமல், ஒருத்தி கொடுத்தது அது. அன்று மாலை முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே பஞ்சில் நனைத்துக் கன்னம் முழுக்கப் பூசினேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்றுதானே நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? மறுநாளும் பூசினேன். அதற்கடுத்த நாள் காலையில் கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. கன்னத்தில் தோல் வெடித்து நீர் கசிந்தது. முகத்தில் காற்று பட்டாலும் வலித்தது.

டாக்டரிடம் கிளம்பலாம் என்று கணவர் லீவு சொல்லிக்கொண்டிருந்தபோது என் தம்பி போன் செய்தான். அம்மா திருநின்றவூரில் அவன் வீட்டில் இருந்தாள். இரண்டு சிறுநீரகமும் போய், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

“அக்கா, ஃபாதர் வந்து நோயில்பூசுதல் குடுத்துட்டுப் போயிட்டாரு. நீ வந்துடு.”

சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசிச் செய்கிற சடங்கு அது. டாக்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் ஏறினோம். மாஸ்க் போட முடியவில்லை, உரசியது. புடவைத் தலைப்பை முகத்துக்கு முன்னால் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன்.

அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தாள்.

“பாப்பா, மூஞ்சிக்கு என்னடி?”

“ஒண்ணுமில்லம்மா. ஏதோ அலர்ஜி.”

அம்மாவுக்குப் பேச்சைவிடக் கைதான் பேசும். மெல்லக் கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்தாள். “ஐயோ!” என்று கத்திவிட்டேன். என்னை அறியாமலே தலை பின்னால் போய்விட்டது. அம்மா பயந்துபோனாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

“வலிக்கிற மாதிரி தொட்டுட்டேனாடி?”

“இல்லம்மா, இல்லம்மா” என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மெதுவாக உருவிக்கொண்டு போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் என்னைத் தொடவே இல்லை. நான் பக்கத்தில் போனால் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்வாள். கோபம் இல்லை. எனக்கு மறுபடி வலித்துவிடக் கூடாதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் அம்மா போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து, “அழுது அழுது பொண்ணு முகமே வீங்கிப்போச்சு பாரு” என்று பேசிக்கொண்டார்கள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தால் உப்பு பட்டு எரியும். அதனால் கண்ணோரத்திலேயே துணியை ஒற்றி ஒற்றி அழுதேன். பெற்ற தாய்க்குக்கூட வாய்விட்டு, முகம் நனைய அழ எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு கணவர் அம்பத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த லேடி டாக்டர் விளக்கை அருகில் கொண்டுவந்து பார்த்தார்.

“இது பருவே இல்லம்மா. ரோசேசியான்னு முகம் சிவந்துபோற ஒரு நோய். இது வந்தா தோல் ஏற்கெனவே ரொம்ப நொந்து கிடக்கும். என்ன போட்டீங்க?”

சொன்னேன்.

“எதுவும் கலக்காமலா?” என்றார். பழைய பாட்டிலா என்றும் கேட்டார். திறந்து நாளானால், வெயிலும் காற்றும் பட்டால், அந்த எண்ணெய் கெட்டு இன்னும் அதிகமாகத் தோலை உறுத்துமாம். புது எண்ணெயைக்கூட இந்த மாதிரி முகத்தில் தானாகப் போடக் கூடாது என்றார்.

“இலைல எடுத்ததுன்னு சொன்னாங்க டாக்டர்.”

“எட்டிக்காயும் மரத்துல காய்க்கிறதுதானேம்மா.”

கண்டிக்கிற குரல் இல்லை அது. மெடிக்கல் ஷாப் க்ரீமையும் நிறுத்தச் சொன்னார். ஒரு களிம்பு, கொஞ்ச நாளுக்கு மாத்திரை, வெயிலுக்குப் போட ஒரு க்ரீம் எழுதினார். முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். நான் தலையாட்டினேன். யாராவது தொட்டால் வலிக்காமல் இருக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டேன். ஏன் அதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. சில வாரம் ஆகும் என்றார்.

வேலைக்குத் திரும்பியதும், அந்தப் பெண்ணிடம் இனி யாருக்கும் அந்த எண்ணெயைக் கொடுக்காதே என்று சொன்னேன். சொல்லாமல் விட்டால் இன்னொருத்தி முகம் வெந்துவிடும். அம்மா கையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அதற்கே அவள், “நான்தான்க்கா உன் மூஞ்சிய கெடுத்தேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குத் திருநின்றவூர் போயிருந்தேன். அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தம்பி மனைவி சட்டென்று சொன்னாள்.

“அண்ணி, அத்தை கடைசியா என்கிட்ட உங்களப் பத்திதான் பேசினாங்க. ‘அவளுக்கு முகம் எரியுது, குழம்புல காரத்தைக் குறைச்சுப் போடு’ன்னாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல.”

அவள் கழுவி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அலமாரியில் அடுக்கினேன். அதற்குள் முகம் ஓரளவு ஆறியிருந்தது. கண்ணீரைத் துடைக்கவில்லை. வழிந்து தாடை வரைக்கும் வந்தது.