மணல் மூட்டைக்குப் பதிலாக

பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி பெங்களூரில் ஏலத்தில் எடுத்தது. அதன் இடப்பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இரும்புத் தொட்டி. தொட்டிக்குத் தனிச் சக்கரம். அறுபதுகளின் கடைசி அது. கிருஷ்ணகிரியில் வண்டியைப் பார்க்கவே கூட்டம் கூடியது. வேப்பனப்பள்ளிக்கு அப்பால், ஜீப் ஏறாத கிராமங்களுக்கு நர்ஸைக் கூட்டிப்போக வேண்டும். ஓட்ட வேண்டியவன் ஆஸ்பத்திரி டிரைவரான நான். நர்ஸ் என் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஜீப் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று ஏறி உட்கார்ந்தேன். வண்டி என்னைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. முறுக்கினால் இடப்பக்கம் இழுத்தது. பிரேக் போட்டால் வலப்பக்கம் போனது. சைக்கிளில் பழகிய உடம்பு வளைவைக் கண்டதும் தானாகச் சாயும். வண்டி சாயாது. நேராகப் போய் மாந்தோப்பு வேலிக்குள் நுழையும். இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பினாலோ தொட்டிச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அத்தனை இரும்பும் அந்தரத்தில் நிற்கும்.

கனத்துக்குத் தொட்டியில் இரண்டு மணல் மூட்டைகளைப் போட்டேன். போதவில்லை. பிறகு என் மனைவியே ஏறிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆற்று மணலிலும் பாறைச் சரிவிலும் பழகினோம். சக்கரம் எழும்பப்போவது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். சட்டென்று வெளி விளிம்புக்கு நகர்ந்து அழுத்துவாள்.

"சைக்கிள மறந்துடுங்க. ஹேண்டில மட்டும் திருப்புங்க," என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மதியம் மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஆள் வந்தது. பிரசவ வலி, இரண்டு நாளாக. அவள் தொட்டியில், மூட்டைகள் அவள் காலடியில். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். குடிசைக்குள் போனவள் முகம் மாறி வெளியே வந்தாள்.

"கொழந்த குறுக்க கெடக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவலன்னா ரெண்டு உசுரும் தங்காதுங்க."

மாட்டு வண்டி போய்ச் சேர விடிந்துவிடும். மணல் மூட்டைகளை இறக்கிவிட்டு, வைக்கோலும் கம்பளியும் விரித்து அந்தப் பெண்ணைத் தொட்டியில் படுக்க வைத்தோம். வயிறுதான் பெரிது, ஆள் நரம்பும் எலும்புமாக இருந்தாள். என் மனைவி எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

இறக்கத்தில் முதல் இடது வளைவு. இடப்பக்கம் கருவேல முள், வலப்பக்கம் கிடுகிடு பள்ளம். தொட்டிச் சக்கரம் எழும்பியது. உள்ளே இருந்த பெண் அலறினாள். நான் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"நீ எறங்கி நடந்து வா. கனம் கொறையட்டும்," என்றேன். ஜீப் டிரைவர் புத்தி.

"கொறையக் கூடாதுங்க. தொட்டிப் பக்கந்தான் கனம் வேணும்."

சொல்லிக்கொண்டே தொட்டியின் வெளிப்புறப் படியில் ஏறி நின்றாள். ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அந்தப் பெண்ணின் வயிற்றில் வைத்தாள். உடம்பு முழுக்க வெளியே தொங்கியது.

"என்னப் பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க."

ஒவ்வொரு இடது வளைவிலும் முட்கள் அவள்மேல் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அவள் குரல் மட்டும் மாறவே இல்லை. "மூச்ச இழுத்து விடும்மா," என்று அந்தப் பெண்ணிடம். "இப்பத் திருப்புங்க," என்று என்னிடம். சக்கரம் ஒரு தடவைகூட எழும்பவில்லை. வாழ்நாளில் நான் அப்படி ஓட்டியதில்லை. ஓட்டியது நானா என்றே சந்தேகமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இடது கை தோள்வரை ரத்தம். சேலை நார்நாராகக் கிழிந்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு டாக்டரம்மாவோடு உள்ளே போய்விட்டாள். இத்தனை மாதம் யாரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று மலைத்துப்போய் வண்டியருகே நின்றேன். கண்ணில் நீர் வந்தது.

உள்ளே குழந்தை அழுதது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க," என்றாள். கையில் முள் இன்னும் அப்படியே இருந்தது. "மணல் மூட்ட அங்கயே கெடக்குதுங்க. நாளைக்குப் போயி எடுத்தாந்துடணும்."